நைனா கொடுத்தனுப்பிய குழம்பு

கருணாகரன் வைக்கும் மீன் குழம்பைப் பற்றித் திருவொற்றியூர்க் கடலோரக் குப்பங்களில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். வேலையை அப்படியே போட்டுவிட்டு உங்களோடு பேச உட்கார்ந்துவிடுவார்கள். காசிமேட்டிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகளில் வருஷக்கணக்கில் சமையல் பார்த்த மனுஷன். வலை இழுக்கிறவர்கள் படகில் ஏறுவதற்கு முன்னால், "கருணா வர்றாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். வரவில்லை என்றால் முகம் தொங்கிப் போகும்.

படகுச் சமையலுக்கென்று ஒரு முறை உண்டு. அலை தூக்கிப் போடுகிற இடத்தில் மண்சட்டி என்ன பாடுபடும்? அதனால் எல்லாமே கனத்த எவர்சில்வர் குண்டான்தான். புளியைத் தாராளமாகக் கரைத்து, தக்காளியைப் பிழிந்துவிட்டு, எண்ணெய் மிதக்க மிதக்க ஒரு குழம்பு வைத்துவிட்டால் அது கெடாது. மறுநாள் அதையே சுடவைத்துப் புது மீன் போடுவார். அதற்கடுத்த நாள் இன்னும் சுண்டவிடுவார். அந்தச் சுண்டின குழம்புக்குத்தான் படகில் அடிதடியே நடக்கும். குண்டான் காலியானதும் மணலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி வைத்துவிடுவார். படகை விட்டு இறங்கிய பிறகும் இந்தப் பழக்கம் எதையும் அவர் விடவில்லை.

இறங்கினது மனைவி ஜெயஸ்ரீ போன பிறகு. காய்ச்சல் என்று படுத்தாள், போய்விட்டாள், அவ்வளவுதான். மகள் நர்மதா அப்போது பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு. பிள்ளையை விட்டுவிட்டு எப்படிக் கடலுக்குப் போவது? கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் சாலையோரத்தில் ஒரு தள்ளுவண்டி போட்டு மத்தியானச் சோறு விற்க ஆரம்பித்தார். அந்தக் குழம்பே அவர்கள் இருவருக்கும் சோறு போட்டது.

மனுஷனுக்குப் பேச வராது. அதைச் சொல்லியாக வேண்டும். "எப்டி கீறே கண்ணு?" என்று மகளை ஒருநாளும் கேட்டதில்லை. மகள் பரீட்சையில் நன்றாக எழுதினால் இறால் வறுப்பார். அழுதுகொண்டு வந்தால் நெத்திலி பொரிப்பார். வயசுக்கு வந்தபோது பாவம், என்ன பேசுவது என்றே தெரியாமல் உளுந்தும் கருப்பட்டியும் நல்லெண்ணெயுமாக உருட்டி உருட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். தட்டைப் போட்டுவிட்டு எதிரில் சம்மணம் போட்டு உட்காருவார். அவள் கடைசிப் பருக்கை சாப்பிடும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பார். அவள் கையை நக்கினால் அவருக்குச் சொர்க்கம்.

நர்மதாவை மணலி புதுநகரில் கொடுத்தார். மாப்பிள்ளை உதயா கன்டெய்னர் யார்டில் வண்டி ஓட்டுகிறவன். அப்பா இல்லை, அம்மா மங்கம்மா மட்டும்தான். அவர்களும் கடல் ஜனம்தான், வேலைக்காகப் புதுநகரில் வீடெடுத்துத் தங்கியவர்கள். உதயா தங்கமான பையன். குடி இல்லை, கூத்து இல்லை. பொண்டாட்டிக்கு ஜலதோஷம் பிடித்தால் இவன் லீவு போடுவான். மங்கம்மா வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிசு.

கல்யாணமான சில மாதத்தில் நர்மதாவின் நெஞ்சுக்குழியில் அரிப்பு ஆரம்பித்தது. தாலிக்கயிற்றில் நாலைந்து ஊக்கு மாட்டி வைத்துக்கொள்வது நம் பெண்களுக்கு வழக்கம்தானே? புடவைக்கு வேண்டும், ஜாக்கெட்டுக்கு வேண்டும், காலில் முள் தைத்தால் எடுக்க வேண்டும். அந்த ஊக்குகள் படுகிற இடம் சிவந்து தடித்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் விரல் இடுக்குகளில் கடுகு கடுகாக நீர்க்கொப்புளம். உள்ளங்கையெல்லாம் பரவியது. அரிப்பென்றால் அப்படி ஓர் அரிப்பு. சொறிந்தால் உடைந்து தோல் வெடித்து ரத்தம் கசியும். சோறு பிசைய முடியவில்லை. துணி பிழிய முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் குழந்தையை அவளிடம் கொடுக்கப் பயந்தாள்.

அந்தப் பக்கத்தில் உடம்புக்கு எது வந்தாலும் ஜனங்கள் கையை நீட்டுவது ஆலைப் புகைபோக்கியைப் பார்த்துத்தான். இருமலா, புகை. கண் எரிச்சலா, சாம்பல். முக்கால்வாசி நேரம் அவர்கள் சொல்வதில் தப்பும் இருக்காது. அதனால் இதுவும் மணலிக் காற்றுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். தண்ணி என்றார்கள் சிலர், சோப்புத்தூள் என்றார்கள் சிலர். மங்கம்மா அவளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள். களிம்பு கொடுத்தார்கள். போட்டால் அடங்கும், விட்டால் வரும்.

கருணாகரன் தனக்குத் தெரிந்த வைத்தியத்தை ஆரம்பித்தார்.

"ஒடம்புல சத்து இல்ல. அதான் இதெல்லாம் வருது," என்றார். வாரத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறினார். ஒரு கையில் தூக்குச்சட்டி நிறையக் குழம்பு, மூன்று நாளைக்கு வைத்துச் சாப்பிடுகிற மாதிரி சுண்டவைத்தது. இன்னொரு கையில் இருந்த பையில் எண்ணூர் முகத்துவாரத்தில் பெண்கள் தடவி எடுத்து விற்கும் மட்டிச் சிப்பியின் சதை, மிளகு போட்டு வறுத்தது. வேர்க்கடலை உருண்டை. கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல். முந்திரி வறுவல். நடுநடுவே சாக்லேட் வேறு, சின்னப் பிள்ளை மாதிரி. போய் உட்கார்ந்து, தட்டில் தானே போட்டு, எதிரில் சம்மணம் போட்டுவிடுவார்.

"சாப்டு கண்ணு. சத்து ஏறுனா எல்லாம் ஓடிப்பூடும்."

அவள் ஸ்பூனால் சாப்பிடுவாள், கை அப்படி. சாப்பிட்டு முடித்து, "ஜோரா கீது நைனா," என்பாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் எழுந்திருப்பார்.

ஒருநாள் வண்டியில் சோறு வடிக்கும்போது கொதிகஞ்சி அவர் காலில் கொட்டிவிட்டது. முழங்கால் வரைக்கும் வெந்துபோய்ப் படுத்த படுக்கை. நர்மதா ஓடிவந்தாள். ஒரு மாதத்துக்கு மேலேயே இருந்து பார்த்துக்கொண்டாள். குண்டானைத் தொடவே இல்லை; அதைத் தூக்கவும் அவள் கையால் முடியாது. ஒரு சின்னப் பானையில் கஞ்சி வைத்தாள், மோர் ஊற்றினாள், சுரைக்காயை வேகவைத்தாள். அவ்வளவுதான் இருவருக்கும். கருணாகரன் எழுந்து நொண்டி நொண்டி நடக்கத் தொடங்கிய சமயத்தில் பார்த்தால், மகள் கை பளிச்சென்று இருக்கிறது! கொப்புளம் இல்லை, வெடிப்பு இல்லை.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒற்றீஸ்வரர் கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிட்டார். வந்து பெரிய குண்டானை அடுப்பில் ஏற்றினார். சந்தோஷத்தில் கடலை, மட்டி, முந்திரி என்று எல்லாம் செய்து, மகளோடு மணலிக்கும் கொடுத்தனுப்பினார். அந்த வாரமே உதயா போன் போட்டான்: கையில் மறுபடி வந்துவிட்டது.

இப்போது அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? என் வீட்டில் இருந்தவரைக்கும் நல்லாயிருந்தாள், அந்த வீட்டுக்குப் போன உடனே வந்துவிட்டது. நான்கூட அப்படித்தான் நினைத்திருப்பேன். கருணாகரன் அதோடு நிற்கவில்லை. அந்த வீட்டில் என் பெண்ணை ஏதோ பண்ணுகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டார். ஆசிட் ஊற்றிப் பாத்திரம் தேய்க்க வைக்கிறாளோ மங்கம்மா? பிளீச்சிங் பவுடரில் துணி துவைக்க வைக்கிறாளோ? பேசத் தெரியாத மனுஷனுக்கு உள்ளுக்குள் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும் போலிருக்கிறது.

ஒருநாள் போய் மங்கம்மா வீட்டு வாசலில் நின்று கத்தினார். தெருவே கூடிவிட்டது. "எம் பொண்ண கொல்லப் பாக்கறீங்கோ!" என்றார். நர்மதா, "நைனா, உள்ள வா நைனா, கம்முனு வா," என்று கெஞ்சினாள். மங்கம்மா வாய் திறக்கப் போனாள். உதயா அவள் கையைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டான். அன்றே மகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

குப்பத்தில் கல்யாண வழக்கைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கங்கையம்மன் கோயில் வாசலில் கிராமத்தார் உட்காருவார்கள். ஊர்ப் பெரியவர்களுக்கு அங்கே அதுதான் பெயர். சேர்த்து வைத்தாலும் அவர்கள்தான், அத்து விட்டாலும் அவர்கள்தான். அவர்களில் தலைவர் கிருஷ்ணப்பன் நிதானமான ஆள். சேர்த்து வைக்கத்தான் அவருக்கு ஆசை.

"உதயா, நீ சொல்லுப்பா. பொண்ணு கைக்கு இன்னா ஆச்சி? நீங்கோ ஏதானா பண்ணீங்களா?"

உதயா எழுந்து நின்றான். நர்மதாவைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"பேசுப்பா. நீ பேசுனாதான நாங்க எதுனா சொல்ல முடியும்?"

அவன் பேசவில்லை. மங்கம்மா, "டேய், சொல்லுடா! நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்று எழுந்தாள். "கம்முனு இரும்மா," என்றான். அவ்வளவுதான் அவன் வாயிலிருந்து வந்தது.

கருணாகரனுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றைக்குப் பார்த்து அவருக்குப் பேச்சும் வந்துவிட்டது. "எங் கையால துன்னு வளந்த ஒடம்பு அது! நான் போட்ட சோத்துல ஒரு கொப்புளம் வந்துதா? கேளுங்கோ! தலை குனிஞ்சிகினு நிக்கிறான் பாரு. தப்பு பண்ணவன் வேற எப்டி நிப்பான்? அத்துவுட்டுடுங்கோ. எம் பொண்ணுக்கு நான் கீறேன்," என்றார்.

நர்மதாவை யாரும் கேட்கவில்லை. அந்த இடத்தில் பெண்களைக் கேட்பது வழக்கமில்லை. கேட்டிருந்தால்? அதை நினைத்தால்தான் எனக்கு வயிறெரிகிறது. தாலியைக் கழற்றி ஒரு தட்டில் வைத்து மாப்பிள்ளை வீட்டாரிடம் கொடுத்தார்கள். உதயா அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

தாலியோடு ஊக்குகளும் போயின. நெஞ்சிலிருந்த தடிப்பு நாலே நாளில் வாடியது. "பாத்தியா? பாத்தியா?" என்று கருணாகரன் குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் கை ஆறவில்லை. ஆறாததோடு மோசமானது. இப்போது மூன்று வேளையும் அவர் சமையல்தானே! மகள் மனசு உடைந்து கிடக்கிறாள், அவளைத் தேற்ற வேண்டும் என்று அவர் குண்டானை இறக்கவே இல்லை. மட்டி, கடலை, சுண்டின குழம்பு. அவள் சாப்பிட்டாள். கண் சிவந்திருந்தாலும் சாப்பிட்டாள். நகத்தைச் சுற்றிப் புண், மணிக்கட்டு வரைக்கும் வெடிப்பு. வருஷம் ஒன்று ஓடிவிட்டது. மணலிக் காற்றும் இல்லை, மங்கம்மாவும் இல்லை, அப்புறம் எதனால்? அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடாமல் பிடுங்க ஆரம்பித்தது.

குப்பத்துச் செவிலியர் டோரதி சொல்லித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தோல் டாக்டர் ஃபிர்தௌஸ் என்று ஓர் அம்மா. நர்மதாவின் முதுகில் பட்டை பட்டையாக ஏதோ ஒட்டி அனுப்பி, சில நாள் கழித்து வரச்சொல்லிப் பிரித்துப் பார்த்தார். ஒரே ஒரு இடம் மட்டும் கொப்பளித்துச் சிவந்திருந்தது.

"நிக்கல்," என்றார் டாக்டர்.

"அப்டின்னா இன்னாம்மா?"

"அது ஓர் உலோகம்யா. பயப்படாதீங்க, எல்லார் சாப்பாட்டுலயும் துளித் துளி இருக்கும். மண்ணுல இருக்கு, அதனால பயிர்ல இருக்கு. உங்க உடம்புல, என் உடம்புல, எல்லாத்துலயும் இருக்கு. அது உடம்புக்குத் தேவையா, தேவையே இல்லையான்னுகூட இன்னும் யாராலயும் உறுதியாச் சொல்ல முடியல. நமக்கு அது ஒண்ணும் பண்ணாது. உங்க பொண்ணு தோலுக்கு மட்டும் அது ஆகல."

சின்ன வயசில் கவரிங் தோடு போட்டுக் காது சீழ் பிடித்ததா என்று கேட்டார். பிடித்தது. தாலியில் ஊக்கு போட்ட இடம் தடித்ததா? தடித்தது. "அங்கதான் ஆரம்பம். கவரிங்லயும் ஊக்குலயும் மேல்பூச்சு நிக்கல். அது தோல்ல பட்டுப் பட்டுப் பகையாயிடுச்சு. அப்படிப் பகையான சிலருக்கு, சாப்பாட்டுல கொஞ்சம் அதிகமாப் போனாக்கூடக் கையில பொங்கிடும். என்னம்மா சாப்பிடுவே?"

கருணாகரன்தான் பதில் சொன்னார். மகள் என்ன சாப்பிடுவாள் என்பது உலகத்திலேயே அவருக்குத்தானே தெரியும்? பெருமையாகவே சொன்னார்: வேர்க்கடலை, கொண்டைக்கடலை, முந்திரி, மட்டி, சாக்லேட். ஒவ்வொன்றுக்கும் டாக்டர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் நல்லதற்கில்லை என்று கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குப் புரிந்தது. குரல் இறங்கிக்கொண்டே போனது.

"இதெல்லாம் சத்துதான்யா. வேற யாருக்குன்னாலும் நானே சாப்பிடச் சொல்லுவேன். ஆனா நிக்கல் இதுலதான் அதிகம். குழம்பு எதுல வைப்பீங்க?"

"எவர்சில்வர்லதாம்மா. சுத்தமா தேய்ச்சி..."

"எவர்சில்வர்லயும் நிக்கல் கலந்திருக்கு. சோறு, தண்ணிக்கெல்லாம் ஒண்ணுமில்ல. புளி, தக்காளி போட்டு ரொம்ப நேரம் கொதிக்கவெச்சு, அதுலயே நாள்கணக்குல வெச்சிருந்தா கொஞ்சம் குழம்புல இறங்கும்."

அவர் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்போ, நான் போட்ட சோறா டாக்டரம்மா?"

"யார் மேலயும் தப்பில்லய்யா. தெரியாம நடந்தது."

நர்மதா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னது எதற்கும் அவள் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை. அதைக் கவனிக்கிற நிலையில் கருணாகரன் இல்லை.

அன்றைக்கே குண்டானெல்லாம் பரணுக்குப் போயின. மண்சட்டி வந்தது. அரிசிச் சோறு, மோர், பூசணி, சுரை, கொஞ்சம் போல வஞ்சிரம். அவருக்கு அந்தச் சமையல் வரவே இல்லை. உப்பு கூடும், குறையும். மருந்தும் பத்தியமுமாக இரண்டு மூன்று மாதத்தில் மகள் கை தெளிந்தது. புதுத் தோல் வந்தது. ஒருநாள் அவள் வெறுங்கையால் சோறு பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு அவர் வெளியே போய்க் கடலைப் பார்த்து நின்று தேம்பினார்.

வந்து அவள் எதிரில் நின்றார். "நான் போயி மங்கம்மா கால்ல வியுறேன். என் தப்புதான்னு சொல்றேன். உன்ன இட்டுகினு போவச் சொல்றேன்," என்றார்.

அவள் கழுத்து வரைக்கும் சிவந்தாள். "கேட்டுப் பாரு நைனா," என்றாள். பிறகு, "கை நல்லா ஆயிடிச்சின்னு சொல்லு. உதயாகிட்ட மறக்காம சொல்லு," என்றாள்.

பழமும் பூவும் வாங்கிக்கொண்டு மணலிக்குப் போனார். பஸ்ஸில் வழி முழுக்க என்ன பேச வேண்டும் என்று உதடு அசையச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். மங்கம்மா கதவைத் திறந்தாள். முகத்தில் கோபம் இல்லை, அதிர்ச்சிதான் இருந்தது. "வாண்ணே," என்றாள். நாற்காலியைப் போட்டாள். உள்ளே பார்த்து, "ம்மா, தண்ணி கொண்டா," என்றாள்.

ஒரு சின்னப் பெண் தண்ணீரோடு வந்தாள். கழுத்தில் மஞ்சள் மாறாத கயிறு. கொடுத்துவிட்டு, யார் என்று தெரியாமலே லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

கருணாகரன் டம்ளரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"தையிலதான் முடிச்சோம்," என்றாள் மங்கம்மா மெதுவாக. "பழவேற்காட்டுப் பொண்ணு."

அவர் பழத்தையும் பூவையும் காலுக்கடியில் தள்ளிக்கொண்டார். ஆனாலும் வந்த விஷயத்தைச் சொல்லாமல் எழுந்திருக்க முடியவில்லை. டாக்டர் சொன்னது, நிக்கல், குழம்பு, எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னார். "எம் பொண்ணு கை ஆறிடிச்சி தங்கச்சி. உம் பேர்ல தப்பு இல்ல. நான் போட்ட சோறுதான். மன்னிச்சிடு," என்றார்.

மங்கம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எனக்குத் தெரியும்ண்ணே."

"இன்னா தெரியும்?"

"நிக்கலு கிக்கலு எனக்கின்னா தெரியும்? ஆனா நீ குழம்பு கொண்ணாந்தா மறாநாள் கை பொங்கிக்கும். வராத வாரம் அடங்கிக்கும். பொம்பள கண்ணுக்குத் தெரியாதா? நர்மதாகிட்ட சொன்னேன், 'உங்க நைனா சோறு உனக்கு ஆவலடி, வேணாம்னு சொல்லிடு'ன்னு. அதுக்கும் தெரிஞ்சிகீது. நீ கொடுத்துட்டுப் போறத எதிர்வூட்டுக்கு குடுத்துப் பாத்தோம், கை ஆறுச்சி. ஆனா நீ வந்து எதிர்ல குந்திகினா, துன்னுடும். 'அய்யோ அத்தை, நைனாகிட்ட மட்டும் சொல்லாதீங்க'ன்னு அழுவும். உதயா கைய எடுத்து தன் தலைல வெச்சி சத்தியம் வாங்கிகிச்சி. அந்த சத்தியத்துக்குத்தான் எம் புள்ள கோயிலாண்ட தலைய குனிஞ்சிகினு நின்னுது. நீ பேசுன பேச்சுக்கு..." முந்தானையை மறுபடி எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். "ஒரு வருசம் வாசலையே பாத்துகினு இருந்துதுண்ணே. ஊரக் கூட்டி அத்துவுட்ட எடத்துக்கு நாங்கோ எப்டி வர்றது? நீ ஒரு தபா வந்திருக்கக் கூடாதா?" என்றாள்.

எப்படிப் பஸ் ஏறினார், எங்கே இறங்கினார் என்று அவருக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்தபோது நர்மதா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள்.

"இன்னா நைனா சொன்னாங்கோ?"

அவர் நின்றார். சொல்லித்தானே ஆக வேண்டும்? "கண்ணாலம் ஆயிடிச்சி கண்ணு. தையில."

அவள் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். அதன் சுருக்கத்தை இழுத்துவிட்டாள். இன்னொரு முறை இழுத்துவிட்டாள். "பொண்ணு எப்டி கீது?"

"தண்ணி குடுத்திச்சி."

"நல்ல மாதிரியா?"

"நல்ல மாதிரிதான்." அவர் கொடி கட்டிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். "மங்கம்மா எல்லாத்தியும் சொல்லிடிச்சி. உனுக்கு முன்னாடியே தெரியுமாமே. என் சோறுதான்னு தெரியுமாமே. அன்னிக்கி கோயிலாண்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் வூடு நின்னிருக்குமே கண்ணு! ஏன் சொல்லல? இந்த பாவி மூஞ்சிக்கு நேரா ஏன் சொல்லல?"

நர்மதா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அம்மா செத்தப்போ நீ படுத்துகினே கெடந்த நைனா. சோறு தண்ணி ஒண்ணும் இல்ல. நீயும் செத்துப்பூடுவேன்னு எல்லாரும் பேசிகினாங்கோ, என் காதுபட."

"நீ பசிக்குதுன்னு அழுத. அப்பறந்தான் எழுந்து குழம்பு வெச்சேன்."

"எனுக்குப் பசியே இல்ல நைனா. பக்கத்து வூட்டு சீனியம்மா அத்தை வேளாவேளைக்கு ஊட்டிவுட்டுகினுதான் இருந்திச்சி. பசிக்குதுன்னு சொன்னா நீ எழுந்துப்பேன்னுதான் அழுதேன். நீ எழுந்துகின. எனுக்குப் போட்ட, நீயும் துன்ன. அன்னிலேர்ந்து உன்னாண்ட வேணாம்னு சொல்ல எனுக்கு பயம்."

சொல்லிவிட்டு அவள் மிச்சத் துணியை எடுக்கக் குனிந்தாள். கருணாகரன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமும் தான்தான் அவளை வளர்த்ததாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.